ஊரில் வீடு உண்டா?

டில்லி
12.7.1964

அன்புள்ள சேசம்மாள் அக்காவுக்குத் தம்பி ஞானசீலன் எழுதுவது.

மாதாவின் கிருபையால் நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் சுகமும் அப்பா சுகமும் அறிய ஆவலாக இருக்கிறேன். அப்பாவின் இருமல் எப்படி? தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நிற்காத வேலையாகத் தரச்சொல்லி மேஸ்திரியிடம் கேட்கச் சொன்னேனே, கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். நீயாவது கேள்.

ரயிலில் பாதி வழி நின்றுகொண்டே வந்தேன் என்று எழுதினால் நீ அழுவாய். ஆகையால் சௌகரியமாக உட்கார்ந்து வந்தேன். ஹாஸ்டலில் மூன்று வேளையும் சப்பாத்தி. சோறு கேட்டால் காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

தம்பி கட்டடம் கட்டப் படிக்கிறான் என்று நம் தெரு முழுக்க நீ சொல்லி வைத்திருக்கிறாய். கட்டடம் வரையத்தான் பம்பாயிலேயே படித்து முடித்துவிட்டேனே. இது நகரமைப்பு. ஜனங்கள் எங்கே குடியிருப்பது, தண்ணீர் எந்தப் பக்கம் வருவது, சாக்கடை எந்தப் பக்கம் போவது, எந்த மரத்தை வெட்டாமல் விடுவது, பிள்ளைகள் எங்கே ஓடி விளையாடுவது, இதையெல்லாம் முதலிலேயே யோசித்து வைக்கிற படிப்பு. வகுப்பில் பாதிப் பேர் பங்களா வீட்டுப் பிள்ளைகள். புரொபசர் சாக்கடை என்று சொன்னதும் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு நம் வாசல் ஞாபகம் வந்தது. சிரிக்காதே.

முதல் பயிற்சியாக அவரவர் பிறந்த வீட்டை வரைந்து, வெயிலும் காற்றும் அதற்குள் எப்படி வருகின்றன என்று காட்ட வேண்டும். மணல்விளையை விட்டு நாம் வரும்போது நான் கைக்குழந்தை. நீ ஆறு வயது வரை அந்த வீட்டில் வளர்ந்தவள், அம்மாவோடு பிறகும் ஒருமுறை போய் வந்தாய். இரண்டு கட்டு, நடுவில் முற்றம், பின்னால் கிணறு என்று அப்பா சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும். வாசல் எந்தத் திசை, அடுப்படி எங்கே என்று விவரமாக எழுது. சீக்கிரம்.

உன் பிரியமுள்ள தம்பி,
ஞானசீலன்


தாராவி
2.8.1964

அருமைத் தம்பி ஞானசீலனுக்கு அக்கா சேசம்மாள் ஆசீர்வாதம்.

நாங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டு போனவன் உட்கார்ந்து போனதாக எழுதினால் எனக்குத் தெரியாதா? கால் வீங்கியிருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டு வை.

இங்கே மழை விட்டபாடில்லை. கழிமுகத்துத் தண்ணீர் ஏறி, நம் ஒற்றை அறைக் கோலிக்குள் கட்டில் காலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அடுப்பைப் பெட்டி மேல் வைத்துச் சமைத்தேன். கரீம் பாட்சா பாயின் பட்டறையில் பர்ஸுக்கு உள்துணி தைக்கிற வேலை தடையில்லாமல் நடக்கிறது. அப்பாவுக்கு இருமல் அப்படியே. மேஸ்திரியிடம் நான் கேட்டேன். அதற்கு அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு சமாச்சாரம். நம் வரிசையில் குடியிருக்கிற சொர்ணம்மாள் சித்தி தன் அக்காள் மகனுக்கு என்னைக் கேட்கிறாள். பெயர் ராயப்பன், அம்பர்நாத்தில் பேக்டரி வேலை. இருபத்தெட்டு வயதில் எனக்கு மாப்பிள்ளையா என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். அவன் அம்மா வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஊர்ல வீடு வாசல் எப்படி அண்ணாச்சி?" என்பதுதான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். நான் டீயைக் கொடுத்துவிட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். சின்ன வயது ஞாபகம், எதுவும் சரியாக இல்லை. வேறு ஏதாவது வீட்டை வரையேன்.

சப்பாத்தியை மென்று தின்னு.

உன் அக்கா,
சேசம்மாள்


டில்லி
27.9.1964

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் இருவரின் நலத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன். ராயப்பன் அத்தானைப் பற்றி இவ்வளவுதானா எழுதுவாய்? ஆள் எப்படி? சிரிப்பாரா? அப்பா சரி என்றாரா என்பது இருக்கட்டும், நீ சரி என்றாயா?

வீட்டுப் படத்துக்கு உன் உதவி கிடைக்காததால் அப்பா சொன்னதை வைத்தே வரைந்தேன். முற்றத்தில் மழை இறங்குவது, இரண்டாம் கட்டில் காற்று திரும்புவது எல்லாவற்றையும் காட்டினேன். புரொபசர் அதைச் சுவரில் மாட்டி, "ஏழை ஜனங்களுக்கும் கட்டத் தெரியும், நாம்தான் கேட்பதில்லை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா. அப்பாவிடம் சொல்.

இன்னும் பெரிய செய்தி இருக்கிறது. தாராவிக்குள் ஒரு ரோடு அகலமாகப் போகிறது. நம் வரிசையும் அதில் வருகிறது. பயப்படாதே. இடம் போகிறவர்களுக்குச் செம்பூரில் அறைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக ஜனங்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பை அந்த ஆபீஸ் எங்கள் வகுப்புக்குக் கொடுத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் லீவில் எல்லாரும் பம்பாய் வருகிறோம்!

கேள்விகளில் ஒன்று நான் எழுதியது. "ஊரில் சொந்த வீடு உண்டா? அது எப்படிப்பட்டது?" எதற்கென்றால், ஜனங்கள் வாழ்ந்த வீடு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் புது அறைகளில் ஒரு சின்ன முற்றமாவது வைக்க முடியும். இல்லாவிட்டால் தீப்பெட்டிதான் கட்டுவார்கள். நாங்கள் கேட்டது எல்லாவற்றிலும் இதுதான் நல்ல கேள்வி என்று புரொபசர் சொன்னார்.

கறிக்குழம்பு வைத்து வை. வருகிறேன்.

பிரியமுள்ள,
ஞானசீலன்


தாராவி
24.1.1965

அருமைத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ போனதிலிருந்து கோலி பெரிதாகிவிட்டது போல இருக்கிறது. அப்பா உன் சட்டைகளை மடித்து மடித்து வைக்கிறார். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவரவர் வீட்டை அவரவர் கணக்கெடுக்கக் கூடாது என்று விதியாமே. அதனால் நீ குயவர் தெருவுக்குப் போய்விட்டாய், நம் வரிசைக்கு உன் வகுப்புச் சிநேகிதன், மாட்டுங்காக்காரன் அனந்தகிருஷ்ணன் வந்தான். இங்கே நடந்ததை நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பையன் நல்லவன். முதலில் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தான், டீ கொடுத்ததும் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். நம் ஞானத்தின் சிநேகிதன் என்றதும் வரிசையே வாசலில் கூடிவிட்டது. அவனுக்கு நாற்காலி இரவல் வாங்கி வந்தார்கள். அப்பாவிடம் எல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, ஊர்ல சொந்தமா வீடு இருக்கோ?" என்றான்.

"என்ன இப்படிக் கேட்டுட்டிய தம்பி? ரெண்டு கட்டு வீடுல்லா. முத்தத்துல கட்டில் போட்டுப் படுத்தா நட்சத்திரம் தெரியும். கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்."

பிறகு கேட்க வேண்டுமா? பக்கத்துக் கோலி சூசை அண்ணன் வீட்டுக்கு மாடி முளைத்தது. சொர்ணம்மாள் சித்தி வீட்டுக்குத் தென்னந்தோப்பு முளைத்தது. ஒருவர் சொல்வதை அடுத்தவர் காது கொடுத்துக் கேட்டு, அதைவிட ஒரு பிடி கூடுதலாகச் சொன்னார்கள். சைனப் அக்கா ஒருத்திதான், புருஷன் போன பிறகு குப்பைத் துணி பிரித்துப் பிழைக்கிறாளே, அவள் சொன்னாள்: "எனக்கு எங்கயும் வீடு இல்ல வாப்பா. இந்தக் கோலி ஒண்ணுதான்." கூட்டம் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டியது.

அந்தக் கேள்விக்கான பதிலை யார் யார் படிப்பார்கள், ஞானம்? சும்மாதான் கேட்கிறேன். வேலை இருந்தால் பதில் எழுத வேண்டாம்.

உன் அக்கா,
சேசம்மாள்


தாராவி
11.4.1965

தம்பி ஞானசீலனுக்கு,

உன் சுகம் அறிய ஆசை. ரிப்போர்ட் வேலை, பிறகு எழுதுகிறேன் என்று மார்ச்சில் ஒரு கார்டு வந்தது. அவ்வளவுதான். சாப்பிடுகிறாயா, இல்லையா? அப்பா சுகம். இருமல் ராத்திரியில் மட்டும்.

ஆபீஸிலிருந்து வந்து கதவுகளில் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் சொந்த வீடு இருப்பவர்கள் பிழைப்புக்கு வந்து தங்கியவர்களாம். அவர்களுக்குச் செம்பூரில் அறை கிடையாதாம், மழைக்கு முன்னால் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டுமாம். வீடே இல்லாதவர்களுக்குத்தான் அறை. நம் வரிசையில் சைனப் அக்கா கதவில் மட்டும் வட்டம் போட்டிருக்கிறது. மற்ற எல்லாக் கதவிலும் பெருக்கல் குறி.

சூசை அண்ணன் கத்திப் பார்த்தார். "நீங்களே சொன்னதுதானே" என்று காகிதத்தைக் காட்டினார்கள்.

உன்னால் ஏதாவது செய்ய முடியுமா? உன் புரொபசரிடம் கேட்டுப் பார். படிப்புக்கு இடைஞ்சல் வராமல் கேள்.

வரிசையில் உன்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. யாராவது வேறு மாதிரி எழுதினால் நம்பாதே.

அக்கா


டில்லி
20.4.1965

அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் கண்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

புரொபசரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவரும் ஆபீஸுக்கு எழுதினார். கட்டிய அறைகள் பாதிப் பேருக்குக்கூடக் காணாதாம். யாரைக் கழிப்பது என்று தேடியிருக்கிறார்கள், எங்கள் காகிதத்தில் அதற்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று செய்திருக்கிறார்கள். மே 16-ம் தேதி தாராவியிலேயே மேஜை போட்டு, தவறாகச் சொன்னவர்கள் திருத்திச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவுக் குறியை மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்.

நம் விஷயம்தான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நமக்கு உண்மையாகவே வீடு இருக்கிறதே. இருப்பதை இல்லை என்று சொல்லி, இல்லாதவர்களுக்கான அறையை நாம் எப்படி வாங்குவது? வாடகைக்கு வேறு கோலி பார்க்கலாம். அப்பா பொய் சொல்ல வேண்டாம். உனக்கு என்ன தோன்றுகிறது?

ஞானசீலன்


தாராவி
27.4.1965

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

நமக்கு ஊரில் வீடு இல்லை.

இதை எழுதக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதிவிட்டேன். அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பணம் வேண்டி அந்த இடத்தை விற்றார்கள். கையெழுத்துக்காக அம்மாவோடு நான் போனபோதே சுவர் கரைந்து கிடந்தது. அது இரண்டு கட்டு இல்லை தம்பி. ஒரே அறை, மண்சுவர், பனையோலை. நீ வரைந்தது பண்ணையார் வீடு. அப்பா சின்ன வயதில் அந்த வீட்டில் மாடு பார்த்தார். முற்றத்தைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறார், அதில் படுத்ததில்லை.

உன் படத்தைச் சுவரில் மாட்டினார்கள் என்று சொன்னதும் அப்பா சிரித்தார். பிறகு குழாயடிக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினார். அதனால்தான் நான் உனக்கு ஒன்றும் எழுதவில்லை.

இந்த விஷயம் உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். நானாகச் சொல்வது போலச் சொல்லி, 16-ம் தேதி கூட்டிப்போகிறேன்.

சேசம்மாள்


டில்லி
2.5.1965

அக்கா,

இந்தக் கடிதம் உன்னைச் சுகமாகச் சந்திக்கட்டும்.

எப்படியாவது அப்பாவை "இல்லை" என்று சொல்லவைத்துவிடு. எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக் கிழித்துவிட்டேன். வேறு எதையும் யோசிக்காதே. ராயப்பன் வீட்டார் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு வார்த்தை போதும் அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நானே வந்துவிடுவேன், பரீட்சை அந்த வாரம்தான் வைத்திருக்கிறார்கள். முடிந்ததும் உடனே எழுது.

ஞானம்


செம்பூர்
6.6.1965

தம்பி ஞானசீலனுக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். மேலே போட்டிருக்கிற விலாசத்தைப் பார்த்ததும் நமக்கு அறை கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை என்று கோபமாக இருப்பாய். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

அப்பா ஒப்புக்கொண்டுதான் வந்தார். காலையில் நான் கஞ்சி ஊற்றும்போது, "சரி தாயி, இல்லன்னு சொல்லிருதேன். அதுல என்ன இருக்கு?" என்றார். கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

தோல் கம்பெனி வாசலில் மேஜை போட்டிருந்தார்கள். வரிசையாக நின்றோம். அந்தக் கிளார்க்குக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஊரில் வீடு இருக்கிறதா என்பதை, "காவ் மே கர் ஹை க்யா?" என்று அவன் கேட்பது கோடிவரை கேட்டது. அத்தனை பேரும் இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தார்கள், சத்தியமாகத் தெரியும், வீடு வீடாகப் போய்ப் பேசியவள் நான். முன்னால் நின்ற சூசை அண்ணன் திரும்பித் தன் சம்பந்தக்காரரைப் பார்த்தார். "ஹை" என்றார், இருக்கிறது என்று. அடுத்தவர் சூசை அண்ணனைப் பார்த்தார். அவரும் "ஹை."

அப்பா முறை வந்தது. எனக்குப் பின்னால் நின்றது யார் தெரியுமா? சொர்ணம்மாள் சித்தி. அப்பா என்னைப் பார்த்தார், என் தோளுக்கு மேலே அவளைப் பார்த்தார்.

"ஹை சாப்," என்றார். கேட்காமலே, "படா கர் ஹை" என்றும் சொன்னார்.

கிளார்க் சிரித்துவிட்டான். பெரிய வீட்டை வைத்துக்கொண்டு இந்தச் சாக்கடையில் ஏன் கிடக்கிறாய், போய்ச் சுகமாக இரேன் என்றான். பிறகு என்னைப் பார்த்து, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாய் வந்தது, ஞானம். நான் அதைச் சொன்னால் எல்லாருக்கும் நடுவில் அப்பா பொய்க்காரர் ஆகிவிடுவார். அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இடித்தார்கள். தகரத்தைக்கூட எடுக்க விடவில்லை. சிலர் உல்லாஸ்நகர் பக்கம் போனார்கள், சிலர் ரயில் பாதை ஓரமாகவே தார்ப்பாய் கட்டினார்கள். சைனப் அக்கா வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "செம்பூர்ல கிடைச்ச என் கோலில ரெண்டு பேர் படுக்கலாம், வா" என்றாள். அப்பாவையும் கூப்பிட்டாள்.

"ஊர்ல வீடு இருக்கையில எதுக்கு அடுத்தவங்க வீட்டுல ஒண்டணும்? நான் போயி வீட்டப் பாத்துக்கிடுதேன்."

தாதர் ஸ்டேஷனுக்கு வந்த எல்லாரிடமும் இதைத்தான் சொன்னார். நானும் வருகிறேன் என்று எவ்வளவோ அழுதேன். கல்யாணம் பேசிய பெண் பம்பாயை விட்டு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் எங்கே போய் இறங்குவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி கையசைத்தோம்.

சித்தி அம்பர்நாத் போயிருக்கிறாள். அங்கிருந்து பேச்சு மூச்சு இல்லை.

உன் அக்கா,
சேசம்மாள்


மணல்விளை
25.7.1965

என் அன்பு மகன் ஞானசீலனுக்கு அப்பா மிக்கேல்ராஜ் ஆசீர்வாதம். நான் தேக சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

நான் நம் வீட்டை வந்து சேர்ந்தேன். வீடு நல்லபடியாக இருக்கிறது. இரண்டாம் கட்டில் ஓடு கொஞ்சம் மாற்ற வேண்டும், ஆள் சொல்லியிருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. காற்று நல்ல காற்று, இருமல் விட்டுப்போயிற்று. வடக்குப் பக்கத்து அறையை உனக்காகப் பூட்டி வைத்திருக்கிறேன், நீ படம் வரைய வெளிச்சம் வரும்.

பதில் போட்டால் வீட்டு விலாசம் போடாதே. தபால்காரன் புதிது, அவனுக்குத் தெருப் பிடிபடவில்லை. கோயில் உபதேசியார் மேற்பார்வை என்று போட்டால் வந்துவிடும்.

அக்காவை நினைத்துக் கவலைப்படாதே. நல்லபடியாக நடக்கும். நீ படித்துப் பெரிய ஆளாக வர வேண்டும்.

இப்படிக்கு உன் தகப்பன்,
ஞா. மிக்கேல்ராஜ்


டில்லி
8.8.1965

அன்புள்ள அக்கா,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அப்பாவின் கடிதம் வந்தது. அவர் எங்கே படுக்கிறார் என்று உபதேசியாருக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் படுக்கிறார் என்று பதில் போட்டார். மழைச்சாரலுக்குப் பெஞ்சைக் குறுக்கே போட்டுக்கொள்கிறாராம். அப்பாவுக்கு நான் என்ன பதில் எழுத? வீட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, லீவில் வருகிறேன் என்று எழுதினேன்.

அக்கா, அது என் கேள்வி. உனக்குத் தெரியும். இத்தனை கடிதத்தில் ஒன்றிலாவது நீ அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லாமல் விட்டாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ரிப்போர்ட் அச்சாகி வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நான் இந்தப் படிப்பை விடப்போகிறேன். யாருக்காக இதைப் படிப்பது?

அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? அன்றைக்கு அத்தனை பேரும் ஏன் சொன்னார்கள்? எனக்கு விளங்கவே இல்லை.

ஞானசீலன்


செம்பூர்
10.10.1965

என் அருமைத் தம்பிக்கு,

கர்த்தர் உன்னைத் தேற்றுவாராக. நான் நேற்றுத்தான் ஊரிலிருந்து திரும்பினேன். என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தந்தி உனக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் கிடைத்தது என்றும், பாகிஸ்தான் சண்டையால் ரயிலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்றும் உன் கார்டு பார்த்தேன். நீ வராததற்கு அப்பா வருத்தப்படவில்லை. அதை நினைத்துக் குமையாதே.

காய்ச்சலில் கிடக்கிறார் என்று உபதேசியார் எழுதியதும் நான் புறப்பட்டுவிட்டேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். உன் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்திருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எம் மவன் வீட்டப் பாக்க வாரான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும், "வரட்டும் வரட்டும், நல்லா இருக்கட்டும்" என்றார்கள். ஊருக்குள் ஒருவர்கூட எந்த வீடு என்று கேட்கவில்லை, ஞானம். ஆறாம் நாள் விடியற்காலம் மூச்சு நின்றது. கை என் கையில்தான் இருந்தது.

அம்பர்நாத்காரர்கள் வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். ஊரில் அவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு மகள் ஏன் அடுத்தவள் கோலியில் கிடக்கிறாள் என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். எனக்கு அழுகை வரவில்லை. அழுகை வேறு இடத்தில் செலவாகிவிட்டது.

படிப்பை விடாதே. உன் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. சைனப் அக்காவுக்கு ஏன் சொல்ல வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அவளுக்குப் பெண் கொடுக்க வேண்டியதில்லை, எடுக்க வேண்டியதில்லை, யார் முன்னாலும் நிமிர்ந்து நிற்க வேண்டிய நிலையிலும் அவளை யாரும் வைக்கவில்லை. நம் ஆட்களை அடுத்தவர் காதுபடக் கேட்டுவிட்டீர்கள். இனிமேல் யாரிடமாவது கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கேள். எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்.

அடக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே வழக்கம் உனக்குத் தெரியாது. சிலுவையோடு வீட்டுக்கு வந்து, ஜெபம் சொல்லி, வீட்டிலிருந்துதான் கோயிலுக்கு எடுப்பார்கள். அப்பாவைப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தது. உபதேசியார் என் பக்கத்தில் வந்து, எல்லாரும் நிற்கும்போது, "எந்த வீட்டுல இருந்துமா எடுக்கோம்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்டாக வேண்டும், கேட்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்தே எடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். சுற்றிலும் ஊர் நிற்கிறது. பண்ணையார் வீட்டு ஆள் ஒருவரும் வந்து ஓரமாக நிற்கிறார்.

"எங்க வீட்டுல இருந்துதான்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நம் வீடு இருந்த இடத்தை வாங்கியவர் அங்கே ஆடு கட்டியிருக்கிறார். அவர் முன்னால் போய் ஆடுகளை அவிழ்த்துவிட்டு, தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார். நான்கு பேர் அப்பாவைப் பெஞ்சோடு தூக்கி வந்து அங்கே வைத்தார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. வாசல் இருந்த இடம் எது என்று எனக்கு ஞாபகம் வந்தது, காட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வழியாகவே உள்ளே வந்தார்கள். சுற்றி நாலாபக்கமும் திறந்துதான் கிடந்தது, ஒருவர்கூட வேறு பக்கமாக வரவில்லை.

ஜெபம் சொல்லி அங்கிருந்து எடுத்தோம்.

உன் அக்கா,
சேசம்மாள்